சைக்கிள்தானே அண்ணா!

"சைக்கிள்தானே அண்ணா, அஞ்சு நிமிஷம்!"

நவி மும்பை வாஷி செக்டர் 9 பக்கத்துல ஒரு பஞ்சர்வாலா இந்தியில இப்படிச் சொன்னதை நம்பி, நம்ம வாஷிக்காரர் டீ குடிக்கப் போனார். (பேர் எதுக்கு? வாஷிக்காரர்னே வச்சுக்குவோம். மும்பையில தமிழ் பேசுற ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே பேர்தானே: அண்ணா.) கட்டிங் சாயை முடிச்சுட்டுத் திரும்பினா, பின்சக்கரம் தனியாத் தரையில கிடக்கு. அதோட அச்சுல இருந்து ஒரு கறுப்பு வயர், பல்லி வால் மாதிரி அறுந்து தொங்குது.

அது மோட்டார் வயர். எலக்ட்ரிக் சைக்கிள்ல பெரும்பாலானதுக்குப் பின்சக்கரத்து நடுவுலதான் மோட்டார். அதுக்குக் கரண்ட் போற வயர் அச்சு வழியா வெளிய வந்து, சட்டத்தோட ஒட்டி ஓடும். அது தெரியாம சக்கரத்தை நட்டு கழட்டி, பழக்கதோஷத்துல வெடுக்குனு ஒரு இழுப்பு. அவ்வளவுதான். பஞ்சர் போட ஆனது சில்லறைக் காசு. வயரையும் கனெக்டரையும் மாத்த ஆனதுல ஒரு பழைய சைக்கிளே வாங்கியிருக்கலாம்.

பஞ்சர்வாலாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. காலம்பூரா சைக்கிள் சக்கரம் கழட்டின கை அது. ஆனா அந்த ஒரு வார்த்தை, 'சைக்கிள்தானே', அதுதான் வாஷிக்காரரை ரொம்ப உறுத்துச்சு. யோசிச்சுப் பார்த்தா வண்டி வாங்கின நாள்ல இருந்து எல்லாரும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. வித்தவர் சொன்னார்: "லைசென்ஸ் வேண்டாம் சார், சைக்கிள்தானே." வீட்டம்மா சொன்னாங்க: "சைக்கிள்தானேங்க வாங்கினீங்க, அதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?" சொசைட்டி வாட்ச்மேன்: "சைக்கிள்தானே, மழையில நிக்கட்டும்." பின்னாடி வர்ற கார்காரர் வாயைத் திறந்து சொல்றதில்லை. ஆனா அவரும் மனசுல அதைத்தான் நினைக்கிறார். அங்கதான் ஆபத்தே ஆரம்பிக்குது. அதுக்கு அப்புறம் வருவோம்.

சட்டத்தைக் கேட்டா, அதுவும் பஞ்சர்வாலா கட்சிதான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் என்ன சொல்லுதுன்னா: மோட்டாரோட அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் கீழ இருக்கணும். பேட்டரி இல்லாத எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒழுங்கான பிரேக், முன்னாடி வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் வேணும். மிதிச்சு ஓட்டுற வண்டின்னா, வேகம் கூடக் கூட மோட்டார் தன் உதவியைக் குறைச்சுக்கிட்டே வந்து, 25 கிலோமீட்டர்ல கையை விட்டுடணும். மிதிக்கிறதை நிறுத்தினா அப்பவே விட்டுடணும். இதையெல்லாம் புனேயில இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி அங்கீகாரம் உள்ள சோதனை நிறுவனம் பார்த்து ஒப்புக்கிட்டா, அது 'மோட்டார் வாகனமே' இல்லை. நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. (வாங்கும்போது கடையில கேக்க வேண்டிய முதல் காகிதம் அந்தச் சோதனைச் சான்று. "அதெல்லாம் இருக்கு சார்"னு சொன்னா, "எங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க.)

வாஷிக்காரரோட மச்சான் சிங்கப்பூர்ல இருக்கார். போன்ல இதைக் கேட்டுச் சிரிச்சார். அங்கயும் அதே 250 வாட், அதே 25 கிலோமீட்டர்தான். ஆனா வண்டியை அரசாங்கத்துல பதிவு பண்ணி நம்பர் மாட்டணும். ஓட்டுறவருக்கு 16 வயசு ஆகியிருக்கணும். 2022 ஜனவரியில இருந்து ஒரு எழுத்துத் தேர்வு வேற பாஸ் பண்ணணும். வண்டி மொத்தமே 20 கிலோவுக்குள்ள இருக்கணும். மிதிக்காம கைப்பிடியைத் திருகியே ஓட்டுற த்ராட்டில் அறவே கூடாது.

நம்ம ஊர் வண்டிங்கள்ல த்ராட்டில்தான் முதல் கவர்ச்சி. வாஷிக்காரரும் முதல் மாசம் அதைத்தான் திருகிக்கிட்டே திரிஞ்சார். (தொப்பையைக் குறைக்கத்தான் சைக்கிள் வாங்கினாராம்.)

இன்னொரு கோஷ்டி இருக்கு. 25ல மோட்டார் நிக்குதேன்னு கடுப்பாகி, கன்ட்ரோலர்ல இருக்கிற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு 35, 40ன்னு பறக்கிறவங்க. 2022 மே மாசம் மகாராஷ்டிரப் போக்குவரத்துத் துறை இந்த மாதிரி வேகத்தையும் திறனையும் கூட்டின மின்வண்டிகள் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.க்களுக்கு உத்தரவு போட்டது. காரணம் எளிசு. அந்தக் கட்டுப்பாட்டை எடுத்த நிமிஷமே அது சைக்கிள் இல்லை, பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வண்டி. யார் மேலயாவது இடிச்சா கதை கந்தல்.

சரி, இவர் எதுக்கு இதை வாங்கினார்?

வாஷியில இருக்கிறவங்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். 1970ல ஆரம்பிச்ச சிட்கோங்கிற நகரமைப்பு நிறுவனம் இந்த ஊரை செக்டர் செக்டராக் கட்டம் போட்டுக் கட்டினது. மேடு பள்ளம் ரொம்ப இல்லாத தரை. 1992ல ரயிலும் வந்தது. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு, மூணு கிலோமீட்டர்தான் தலைவலி. நடந்தா வேர்வை. ஆட்டோன்னா வரிசை. பஸ் வர்ற நேரம் பஸ்ஸுக்கே தெரியாது. சாதா சைக்கிள்ல போனா மே மாசத்துல ஆபீஸ் சட்டை பிழிஞ்சு காயப்போடுற மாதிரி ஆயிடும். கூட ஒரு சின்ன மோட்டார் இருந்தா வேர்க்காது, முட்டியும் நோகாது. மாட்டுங்காவுக்கு மளிகை வாங்கப் போறதுன்னா வண்டியை ஸ்டேஷன்ல விட்டுட்டு ஹார்பர் லைன் பிடிச்சுடலாம்.

செலவு? அவரோட பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்ப்-ஹவர். பெருக்கினா 360 வாட்-ஹவர். சார்ஜர்ல வீணாறதையும் சேர்த்து ஒரு தடவை முழுசா ஏத்த அரை யூனிட்கூட ஆகாது. கட்டிங் சாய் விலைக்குக் கீழ. அதை வச்சு, மிதிச்சுக்கிட்டே போனா 30 கிலோமீட்டர் தாராளமா வரும். த்ராட்டிலையே நம்பினா அதுல ஒரு பங்கு கழிச்சுக்கோங்க. பெட்டியில போட்டிருந்த தூரம்? அது ஒல்லியான ஆள், காத்தில்லாத நாள், சிக்னல் இல்லாத ரோடு.

முதல் விபத்து ரெண்டாவது நாளே நடந்தது. மார்க்கெட் ரோட்டுல கூட்டம். வாஷிக்காரர் ஒரு காலைத் தரையில ஊனி, இன்னொரு காலைப் பெடல்ல அழுத்தி நின்னுக்கிட்டு இருந்தார், ஐம்பது வருஷமா எந்த சைக்கிள்லயும் நிக்கிற மாதிரி. பெடல் கொஞ்சம் சுத்துச்சு. பெடல் அச்சுக்கிட்ட காந்தங்கள் வச்ச ஒரு வளையமும் சென்சாரும் இருக்கு. 'ஓ, ஐயா கிளம்பிட்டார்'னு அது மோட்டாருக்குச் சொல்லிடுச்சு. வண்டி ஒரு துள்ளு துள்ளி கொத்தமல்லி வண்டிக்குள்ள மூக்கை நுழைச்சது. அடி எதுவும் இல்லை. ஆனா ரெண்டு வாரத்துக்கு வீட்டுல கொத்தமல்லிச் சட்னிதான். (சேதமானதை எல்லாம் அவரே வாங்கணும்னு அந்தம்மா நின்னாங்க. நியாயம்தானே?)

அன்னைக்குக் கத்துக்கிட்டது மூணு. நிக்கும்போது பெடல்ல கால் வைக்கக் கூடாது. பிரேக் பிடியில எப்பவும் ரெண்டு விரல் இருக்கணும். இந்த வண்டிங்கள்ல பிரேக்கை லேசா அமுக்கினாலே மோட்டாரை நிறுத்துற சுவிட்ச் உள்ளயே இருக்கும். கூட்டத்துக்குள்ள நுழையும்போது உதவியைச் சுழியத்துல வச்சுட்டு வெறும் சைக்கிளா மிதிக்கணும். அந்த மாதிரி சென்சார்ல மிதிக்கிறதை நிறுத்தினப்புறமும் ஒரு கணம் மோட்டார் தள்ளும். திறந்த ரோட்டுல அது தெரியாது. காய்கறி மார்க்கெட்ல நல்லாத் தெரியும்.

பிரேக் பேச்சு வந்ததால ஒரு சின்னக் கணக்கு. சாதா சைக்கிள்ல நாம போறது 15 கிலோமீட்டர் வேகம்னு வைங்க. குறுக்க ஒரு நாய் ஓடுது. பார்த்து, புரிஞ்சு, பிரேக் பிடிக்க ஒரு செகண்ட். அதுக்குள்ள 4 மீட்டர் போயிடும். நல்ல பிரேக், காய்ஞ்ச ரோடுன்னா இன்னும் 2 மீட்டர்ல நிக்கும். மொத்தம் 6 மீட்டர் சொச்சம். இதுவே 25ல வந்தா, யோசிக்கிற செகண்டுக்கு 7 மீட்டர், நிக்கிறதுக்கு 6 மீட்டர். மொத்தம் 13. வேகம் ஒண்ணரை மடங்கு சொச்சம்தான் கூடினது, தூரம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. மழையில இன்னும் மோசம். வண்டியும் சாதா சைக்கிளைவிடக் கனம், 20 கிலோவுக்கு மேல. ஆனா இத்தனையையும் நிறுத்தறது அதே ரெண்டு பிரேக் கட்டை.

அதனால பிரேக் ஷூவோ டிஸ்க் பேடோ, சாதா சைக்கிளைவிட சீக்கிரம் தேயும். கேபிளும் இழுபடும். பிடியை அமுக்கினா அது கைப்பிடியைத் தொடுற அளவுக்கு வருதுன்னா, கேபிளை இறுக்க வேண்டிய நேரம் தாண்டிப் போச்சுன்னு அர்த்தம். டிஸ்க் மேல செயின் எண்ணெய் ஒரு சொட்டு தெறிச்சாப் போதும், கீச்சுனு சத்தம் வரும், பிடிமானம் போகும். (வாஷிக்காரர் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். நம்ம ஜனங்க எதுக்குத்தான் அதை விடலை? ஒரு வாரத்துல வாஷி தூசி எல்லாம் அதுல ஒட்டி, செயின் கறுப்பு அல்வா ஆயிடுச்சு.)

இப்போ பின்னாடி வர்ற கார்காரருக்கு வருவோம்.

சந்துல இருந்து ரோட்டுக்கு வர்ற டிரைவர் ஒரு சைக்கிளைப் பார்க்கிறார். 'சைக்கிள்தானே, வர நேரம் ஆகும்'னு மூளை கணக்குப் போடுது. வண்டியை வெளிய விடுறார். வர்றது 25ல. ஆட்டோல இருந்து இறங்குறவரும் அதே நினைப்புலதான் ரோட்டுப் பக்கமா காலை வைக்கிறார். இடதுபக்கம் திரும்புற கார், சைக்கிளை முந்திட்டதா நினைச்சு உடனே திரும்பும். முந்தலை, சைக்கிள் பக்கத்துலயே இருக்குன்னு கார்காரருக்குத் தெரியாது. இந்த மூணு இடத்துலயும் சைக்கிள் ஓட்டுறவர்தான் வேகத்தைக் குறைக்கணும். சந்து வாயில 15. நிக்கிற வண்டிங்க பக்கத்துல போகும்போது ஒரு கதவு அகலம் தள்ளி. சிக்னல்ல காருக்கு இடதுபக்கம் ஒளியாம, பின்னாடி.

அப்புறம் பாம் பீச் ரோடு. வாஷிக்காரங்களுக்கு அந்த ரோட்டைப் பத்திச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருபக்கம் சதுப்புக்காடு, காத்து, காலையில ஃப்ளமிங்கோ. பேலாப்பூர் வரைக்கும் நீட்டா விரிஞ்ச ரோடு. அதனாலயே கார்களும் பறக்கும்.

2024 பிப்ரவரி 28, விடியற்காலை ஆறு மணிக்குள்ள. நெருல் பக்கம் அந்த ரோட்டுல நண்பர்களோட சைக்கிள்ல போய்க்கிட்டு இருந்தார் அவ்தார் சைனி. வயசு 68. செம்பூர்வாசி. இன்டெல் நிறுவனத்துல 386, 486 சிப்புகள்ல வேலை பார்த்தவர், பென்டியம் வடிவமைப்பை முன்னின்று நடத்தினவங்கள்ல ஒருத்தர், பின்னால அந்த நிறுவனத்தோட இந்தியத் தலைவரா இருந்தவர். நம்மள்ல எத்தனையோ பேர் முதன்முதலாத் தொட்ட கம்ப்யூட்டருக்குள்ள அவரோட உழைப்பு இருந்திருக்கு. வேகமா வந்த ஒரு டாக்ஸி பின்னாடி இருந்து மோதினது. சைக்கிள் காருக்கு அடியில மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கலை.

அவர் ஓட்டினது மோட்டார் இல்லாத சைக்கிள். அனுபவசாலி. தனியாவும் போகலை. அந்தச் செய்தியைப் படிச்சப்புறம் வாஷிக்காரர் பாம் பீச் ரோட்டு மெயின் பாதையை விட்டுட்டார். செக்டர் உள்ரோடு, சர்வீஸ் ரோடு, சாகர் விஹார் பக்கம், மினி சீஷோர் ஏரிக்கரை, இதுதான் இப்போ அவர் எல்லை. பேலாப்பூர் போகணும்னா ரயில் இருக்கு. பின்விளக்கு பகல்லயும் எரியும். ரிஃப்ளெக்டர் ஒட்டின மேல்சட்டை ஒண்ணும் வாங்கினார். அதைப் போட்டா முனிசிபாலிட்டி ஆள் மாதிரி இருக்குன்னு வீட்டம்மா சொன்னாங்க. இருந்துட்டுப் போகட்டுமே. குப்பை வண்டிக்காரர்களை யாரும் இடிக்கிறதில்லையே.

ஹெல்மெட் விஷயத்துல வீட்டம்மா தோத்தாங்க. சட்டப்படி இந்த வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லைதான். ஆனா மண்டைக்குச் சட்டம் தெரியாது, தார் ரோடுதான் தெரியும். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு மே மாசத்துல மிதிக்க முடியாது, அவிஞ்சுடும். காத்து போற சைக்கிள் ஹெல்மெட் போதும், உள்ள இ.என். 1078 முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்கணும். ஒரு தடவை நல்லா அடிபட்டா அது தன் வேலையை முடிச்சுடுச்சு, வெளிய கீறலே இல்லைன்னாலும் மாத்திடணும்.

அடுத்தது மழை. 2005 ஜூலை 26ஐ மறந்த மும்பைக்காரர் உண்டா? சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர். அந்த ஊர்ல எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கிட்டு, 'வாட்டர் ப்ரூஃப் சார்'னு கடைக்காரர் சொன்னதை நம்பினா என்ன அர்த்தம்?

வாட்டர் ப்ரூஃப்னு ஒண்ணு கிடையாது. ஐ.பி.ன்னு ஒரு எண் வரும், அதுல கடைசி இலக்கத்தைப் பாருங்க. 4ன்னா தெறிக்கிற தண்ணி தாங்கும். 5ன்னா குழாய்ல பீய்ச்சுற தண்ணி. 7ன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம். அதுவும் புது வண்டியில, சோதனைக்கூடத்துல. ரெண்டு கோடை வெயில்ல காய்ஞ்ச ரப்பர் சீலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால மழையில நனைஞ்சா பரவாயில்லை, தேங்கின தண்ணியில சக்கரத்து அச்சு முழுகுற ஆழம்னா உள்ள இறங்காம திரும்பிடறதுதான் சரி. மோட்டார் அங்கதானே இருக்கு? தண்ணிக்கு அடியில மூடி இல்லாத குழி இருக்கான்னும் நமக்குத் தெரியாது.

அதைவிடக் கொடுமை சர்வீஸ் சென்டர்ல பைக் கழுவுற பிரஷர் பம்பு. ஒருத்தர் பாசமா அதை அடிச்சுவிட்டார். மறுநாள் டிஸ்ப்ளேக்குள்ள ஆவி, மோட்டார் ஒரு நேரம் ஓடுது, ஒரு நேரம் ஓடலை. கனெக்டர்களைக் கழட்டி, நிழல்ல ரெண்டு நாள் காயவச்சப்புறம்தான் உயிர் வந்தது. ஈரத்துணி, பழைய பல்விளக்கி, அதுக்கு மேல எதுவும் வேண்டாம். கழிமுகத்துல இருந்து உப்புக்காத்து வர்ற ஊர் இது. மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தடவை செயினைத் துடைச்சு, சைக்கிள் செயினுக்குன்னே விக்கிற எண்ணெய் விடணும். த்ராட்டிலே கதின்னு ஓட்டுறவங்க செயின் தேயாது. துருப்பிடிக்கும்.

இனி பேட்டரி. இங்க சிரிக்க ஒண்ணும் இல்லை.

அந்த 36 வோல்ட் பெட்டியைத் திறந்து பார்க்க முடிஞ்சா (திறக்காதீங்க!), உள்ள பென்டார்ச் செல்லைவிடக் கொஞ்சம் பருமனா நாப்பது செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம். பத்துப் பத்தா வரிசை கோத்திருக்கும். ஒரு செல் முழுசா ஏறினா 4.2 வோல்ட், பத்துக்கு 42. அந்த 42ல நிக்கணும். நிறுத்தறதுக்கு சார்ஜர் ஒரு காவல், பேட்டரிக்குள்ள இருக்கிற பி.எம்.எஸ். பலகை ரெண்டாவது காவல்.

ஒரு நாள் சார்ஜரை ஆபீஸ்ல மறந்துட்டு வந்துட்டார் வாஷிக்காரர். பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட ஒண்ணு இருந்தது. அதே வட்டமான பின், கச்சிதமா உள்ள போச்சு. பச்சை லைட் சிவப்பா மாறுச்சு. நல்லவேளை, பையன் வந்து கேட்டான்: "அங்கிள், உங்களுது 48ஆ?" சார்ஜரைத் திருப்பிப் பார்த்தா அடியில 54.6 வோல்ட். 13 செல் வரிசைக்கானது. 42ல நிக்க வேண்டிய பேட்டரிக்கு 54.6. வாஷிக்காரருக்கு வயித்துல புளியைக் கரைச்சது. பி.எம்.எஸ். தடுத்திருக்கலாம். அந்த ஒத்தைப் பலகை பழுதாயிருந்தா? அளவுக்கு மேல ஏறின செல் சூடாகும், உள்ள இருக்கிற ரசாயனம் சிதையும், அந்தச் சூட்டுல பக்கத்துச் செல் பத்திக்கும், அப்புறம் அடுத்தது. வெளிய இருந்து காத்தைத் தடுத்து இதை அணைக்க முடியாது.

பின் பொருந்துச்சுன்னா சார்ஜர் பொருந்தும்னு ஆகாது. அவர் இப்போ வெள்ளைப் பெயின்ட்ல தன் சார்ஜர் மேலயும் பேட்டரி மேலயும் '42'ன்னு பெரிசா எழுதி வச்சிருக்கார்.

எங்கயோ நடக்கிற கதை இல்லை இது. 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி சார்ஜ் போட்டிருந்த புது மின் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில மூச்சுமுட்டி ஒரு அப்பாவும் மகளும் இறந்தாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல, இங்க வசாய்ல, கழட்டி எடுத்துட்டு வந்து ஹால்ல சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் பேட்டரி விடியற்காலையில வெடிச்சு ஏழு வயசுப் பையன் இறந்துபோனான். நியூயார்க் நகரத்துல 2023 ஒரே வருஷத்துல லித்தியம் பேட்டரித் தீ 268. செத்தவங்க 18 பேர். அங்க டெலிவரி பசங்களோட மின்சைக்கிளும் அதுல நிறைய. அந்த வருஷம் செப்டம்பர்ல இருந்து, தரச் சோதனை முடிக்காத வண்டியையும் பேட்டரியையும் அந்த நகரத்துல விக்கக் கூடாதுன்னு சட்டமே வந்தது.

வேலூர், வசாய் ரெண்டு இடத்துலயும் பொதுவா ஒண்ணு கண்ணுல படுது: தூங்குற நேரம், சார்ஜ். வாஷிக்காரர் பேட்டரி 2 ஆம்ப் சார்ஜர்ல முழுசா ஏற அஞ்சு மணி நேரம் ஆகும். அதனால எல்லாரும் படுக்கப் போகும்போது சொருகிட்டுப் போறாங்க. அவர் அதை மாத்தினார். சாயங்காலம் வந்ததும் அரை மணி பேட்டரி ஆறட்டும். ஓடின சூட்டோட சார்ஜ் கூடாது. அப்புறம் சொருகி, பதினோரு மணிக்குள்ள கழட்டல். போன் அலாரம் வச்சிருக்கார். தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போதும்.

இடம்? அது பெரிய பஞ்சாயத்து. முதல்ல வாசக்கதவுப் பக்கம், செருப்பு ஸ்டாண்டு மேல வச்சார். (எல்லா வீட்டுலயும் அங்கதான் ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கும்.) தீப்பிடிச்சா வீட்டுல இருந்து வெளிய போற ஒரே வழி அது. வேலூர் கதையைப் படிச்சப்புறம் அந்த எண்ணமே நடுக்கம் கொடுத்துச்சு. மாடிப்படிக்குக் கீழ வைக்கலாம்னா அது மொத்தக் கட்டடமும் இறங்குற வழி. கடைசியில பால்கனி ஓரம், டைல்ஸ் தரை, மேல துணிக்கொடி இல்லை, மழைச்சாரல் படாது, சுவர்ல நேரா ப்ளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லை. சொசைட்டி செக்ரட்டரி மழைக்கு முன்னாடி மீட்டிங்ல இதைப் பேசினப்போ, "சைக்கிள் பேட்டரிதானே"ன்னு ஆரம்பிச்சார். வாஷிக்காரர் எழுந்து நின்னு இருபது நிமிஷம் பேசினார்னு கேள்வி. இப்போ வண்டி வைக்கிற இடத்துல சொசைட்டி செலவுல தனி ப்ளக் போடலாமான்னு ஒரு கமிட்டி. (கமிட்டின்னா தெரியுமே. அடுத்த மழைக்குள்ள நடந்தா சரி.)

பேட்டரி உப்பினாலும், கீழ விழுந்து பிளந்தாலும், இனிப்பா ஒரு கெமிக்கல் வாடை அடிச்சாலும், உஸ்ஸுனு சத்தம் வந்தாலும் அதைச் சார்ஜ் போடக் கூடாது. புகை வந்துடுச்சுன்னா வீரம் காட்டி அதைத் தூக்கிட்டு ஓடாதீங்க. ஆட்களை வெளியேத்தி, கதவைச் சாத்திட்டு, 101. அந்தப் புகையே விஷம். பழசானதைக் குப்பையிலயோ பழைய பேப்பர்காரர்கிட்டயோ போடாதீங்க. தராசுல இருந்து கீழ விழுந்தாக்கூட வினை. வித்த கடைக்கே திருப்பிக் கொடுக்கணும்.

ஒரு மாசம் ஊருக்குப் போறதா இருந்தா பேட்டரியைப் பாதி ஏத்தி, கழட்டி, நிழலான இடத்துல வச்சுட்டுப் போகணும். முழுசா ஏத்தி வச்சாலும் ஆயுசு குறையும், சுத்தமாக் காலி பண்ணி வச்சா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. வாஷிக்காரர் ஒரு தடவை அதை ப்ளைட்ல சென்னைக்குக் கொண்டுபோய் ஒரு தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட காட்டலாமான்னு நினைச்சார். பயணிகள் விமானத்துல 160 வாட்-ஹவருக்கு மேல போற பேட்டரிக்கு அனுமதி இல்லை. இவருது 360. வண்டியை ஓட வைக்கிற ஒரு பொருளை விமானத்துக்காரங்களே இவ்வளவு பயந்து பார்க்குறாங்கன்னா, அதைச் செருப்பு ஸ்டாண்டு மேல வச்சதை நினைச்சு அன்னைக்கு இன்னொரு தடவை வேர்த்துச்சு.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பத்து நிமிஷம் வண்டிக்கு. டயர்ல காத்து (எவ்வளவுன்னு டயர் ஓரத்துலயே அச்சடிச்சிருக்கும், குறைஞ்சா பேட்டரியும் சீக்கிரம் காலி, பஞ்சரும் சீக்கிரம்). பின்சக்கரக் கம்பிகளை வீணை மாதிரி ஒவ்வொண்ணா மீட்டிப் பார்க்கிறது. ஒண்ணு மட்டும் தொய்ஞ்ச சத்தம் வந்தா இறுக்கணும், மோட்டார் கனம் தாங்குறது அதுங்கதான். அச்சு நட்டு இறுக்கம். ரெண்டு பிரேக். பிரேக் பிடிச்சா மோட்டார் நிக்குதான்னு ஒரு சோதனை. வயர் எங்கயாவது உரசுதான்னு ஒரு பார்வை. வீட்டம்மா ஜன்னல்ல இருந்து, "பொண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்களே"ன்னு கேக்கறாங்க.

போன வாரம் மறுபடி பின்சக்கரம் பஞ்சர். அதே கடை. வேற வழி இல்லை, பக்கத்துல அது ஒண்ணுதான். இந்தத் தடவை வாஷிக்காரர் டீ குடிக்கப் போகலை. பஞ்சர் போடுற பாய் பக்கத்துலயே குத்தவச்சு உக்காந்தார். சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம், டயரை ஒருபக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளிய இழுத்து, அங்கயே ஒட்டுங்கன்னார். அப்படியே கழட்டினாலும் முதல்ல இந்தக் கனெக்டர், அம்புக்குறியைப் பார்த்து நேரா இழுக்கணும், வாஷர் எந்த வரிசையில வந்ததோ அதே வரிசையில போகணும்னு வகுப்பே எடுத்தார். பாய் பொறுமையாக் கேட்டார். தலையாட்டினார். கச்சிதமா ஒட்டி, காத்தடிச்சு, சக்கரத்தைச் சுத்திக் காட்டினார்.

பழைய ரேட்டை எடுத்து நீட்டினா, பாய் வாங்கலை. இன்னும் இருபது ரூபா வேணுமாம்.

"எதுக்கு?"

"இது சைக்கிள் இல்லையே, அண்ணா."